பதவிப் பட்டியலுக்கு அப்பால்: ஒரு பெண்கள் விடுதியில் வளர்ந்த ஆய்வுமுறையின் வரலாறு

ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் தேடிச் செல்வது பதவி வகித்தோரின் பட்டியலையே. அதிபர்கள், தலைவியர், செயலாளர்கள், பொருளாளர்கள் என ஆண்டு வாரியாக நிரல்படுத்திவிட்டால் வரலாற்றின் முதுகெலும்பு கிடைத்துவிடும். இம்மலரிலும் அத்தகைய பட்டியல் உண்டு. அது இருக்கத்தான் வேண்டும். எனினும், ஒரு சங்கத்தை நூறு ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தவர்கள் யார் என்ற வினாவுக்கு அப்பட்டியல் பாதி விடையையே தருகிறது. யாரிடம் சொன்னால் செய்தி எல்லோரையும் சென்றடையும், யார் அழைத்தால் வராதவளும் வருவாள், யார் மறைந்தால் ஒரு வகுப்பு முழுவதுமே தொடர்பற்றுப் போகும் என்பவையெல்லாம் எந்தக் கூட்டறிக்கையிலும் பதிவாவதில்லை.

இந்த வினாக்களை முறையாகக் கேட்டு, விடைகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் ஓர் ஆய்வுமுறை உண்டு. அதனைச் சமூக வலையமைப்பு ஆய்வு என்பர். கம்பனிகளும் வைத்தியசாலைகளும் அரச திணைக்களங்களும் தம்மைத் தாமே விளங்கிக்கொள்ள இன்று இதனைப் பயன்படுத்துகின்றன. இம்முறையின் ஆரம்ப வரலாற்றில் மிக முக்கியமான அத்தியாயம் ஒரு பெண்கள் விடுதியில் நிகழ்ந்தது. அதனை நிகழ்த்திய இருவருள் ஒருவர் பெண். ஒரு பெண்கள் கல்லூரியின் பழைய மாணவியராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

ஹட்சன், 1932

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில், அதே பெயருடைய சிறு நகரம் ஒன்று உள்ளது. 1904 முதல் 1975 வரை அங்கே மாநில அரசின் பெண்கள் பயிற்சிப் பாடசாலை இயங்கியது. பெயர்தான் பாடசாலை; விரும்பி அனுமதி கேட்டுச் சேர்ந்தவர்கள் அங்கே இல்லை. மாநிலத்தின் பல பாகங்களிலிருந்தும் நீதிமன்றங்கள் அனுப்பிவைத்த பதின்ம வயதுச் சிறுமியர் ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கவைக்கப்பட்டனர். 1930களின் தொடக்கத்தில் அவர்களின் தொகை ஐந்நூறுக்கு மேல். தங்குவதற்கு 16 இல்லங்கள் இருந்தன. ஒவ்வோர் இல்லத்துக்கும் ஓர் இல்லத் தாய். வெள்ளையினச் சிறுமியருக்கும் கறுப்பினச் சிறுமியருக்கும் இல்லங்கள் வேறு வேறு. சிற்றாலயம், பாடசாலை, வைத்தியசாலை, சலவைக்கூடம், பண்ணை யாவும் ஒரே வளவுக்குள். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் தம் பதின்ம வயதில் சிறிது காலம் இருந்ததும் இங்கேதான்.

1932 இன் இலையுதிர் காலத்தில் இந்த வளவிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் 14 சிறுமியர் தப்பி ஓடினார்கள். வழமையாக நிகழ்வதைவிட இது முப்பது மடங்கு அதிகம். இத்தகைய வேளைகளில் எந்த நிர்வாகமும் முதலில் கேட்பது, இவர்கள் எப்படிப்பட்ட பிள்ளைகள் என்ற கேள்வியைத்தான். குணம், குடும்பப் பின்னணி, முன்னர் செய்த தவறுகள் எல்லாம் கோப்புகளிலிருந்து எடுத்துப் பார்க்கப்படும். ஆனால் அதே காலத்தில் அந்த வளவில் வேறொரு கேள்வியுடன் இருவர் வேலைசெய்துகொண்டிருந்தனர்.

ஒருவர் ஜேக்கப் மொரேனோ. 1889 இல் புக்கரெஸ்ட் நகரில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் கற்று, 1925 இல் அமெரிக்கா சென்ற மனநல மருத்துவர். முதலாம் உலகப் போரின்போது ஒஸ்ரியாவின் மிற்றெர்ண்டோர்ஃப் அகதிமுகாமில் மருத்துவராகப் பணியாற்றியவர். இடம்பெயர்ந்த குடும்பங்களை அதிகாரிகள் தம் வசதிப்படி குடியமர்த்தியபோது எழுந்த சச்சரவுகளை அங்கே நேரிற் கண்டவர். யார் யாருடன் அயலில் வாழ விரும்புகிறார்கள் என்பதைக் கேட்டறிந்து குடியமர்த்தினால் துன்பம் குறையும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் தோன்றியது. முகாம் வாழ்வை அறிந்த நம்மவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

மற்றவர் ஹெலன் ஹோல் ஜெனிங்ஸ். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்றுக்கொண்டிருந்த இளம் பெண். எண்ணிக்கைகளைத் திரட்டவும் ஒப்பிடவும் முறையான பயிற்சி பெற்றவர்.

பாடசாலையின் பொறுப்பாளராக இருந்த ஃபனி பிரெஞ்ச் மோர்ஸ் அம்மையாரின் ஆதரவுடன் இவ்விருவரும் ஒவ்வொரு சிறுமியிடமும் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டனர். நீ இப்போது வாழும் இல்லம் நிர்வாகம் உனக்குத் தந்தது. உன் விருப்பப்படி தெரியலாம் என்றால் யார் யாருடன் ஓர் இல்லத்தில் வாழ்வாய்? ஐந்து பெயர்களை விருப்ப வரிசையில் எழுதலாம். யாருடன் வாழ விரும்பவில்லை என்பதும் கேட்கப்பட்டது. வேலை செய்யும் இடத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இதே வகையில் கேள்விகள் கேட்கப்பட்டன.

விடைகள் தாளில் வரையப்பட்டன. ஒவ்வொரு சிறுமிக்கும் ஒரு சிறு வட்டம். அவள் தெரிந்தவளை நோக்கி ஒரு கோடு. இருவரும் ஒருவரையொருவர் தெரிந்திருந்தால் கோடு இரு பக்கமும் செல்லும். சில வட்டங்களில் கோடுகள் வந்து குவிந்தன. சில வட்டங்களை நோக்கி ஒரு கோடுகூட வரவில்லை.

தப்பி ஓடிய 14 பேரையும் இவ்வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, அவர்கள் ஒரே இல்லத்தைச் சேர்ந்தவர்களாக இல்லாவிட்டாலும், இல்லங்களுக்கு இடையே ஓடிய உறவுச் சங்கிலி ஒன்றில் அவர்கள் பிணைந்திருந்தது தெரிந்தது. ஓடவேண்டும் என்ற எண்ணம் அந்தக் கோடுகளின் வழியே ஒருத்தியிடமிருந்து மற்றவளுக்குச் சென்றிருந்தது. யார் ஓடினாள், எப்போது ஓடினாள் என்பவற்றை அவளுடைய குணத்தைவிட அந்த வலையில் அவள் இருந்த இடம் கூடுதலாக விளக்கிற்று. இல்லத் தாய்மாரின் கண்களுக்குப் புலப்படாத இன்னொரு ஹட்சன் அங்கே இருந்தது.

இதன் பின்னர் புதிதாக வரும் சிறுமியை எந்த இல்லத்துக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பதற்கு முன், இல்லத் தாய்மாரையும் ஒவ்வோர் இல்லத்தையும் சேர்ந்த ஒரு சிறுமியையும் அவள் சந்தித்துப் பேச ஏற்பாடு செய்யப்பட்டது. இரு பக்க விருப்பமும் பதியப்பட்டது. ஓடிப்போவோர் தொகை குறைந்தது என்று மொரேனோ அறிவித்தார்.

1933 ஏப்ரல் 3 ஆம் திகதி நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை இவ்வரைபடங்களைப் பற்றி உணர்ச்சிகளின் புதிய புவியியல் என்ற கருத்தில் செய்தி வெளியிட்டது. 1934 இல் மொரேனோவின் நூல் வந்தது. நூலாசிரியராக நிலைத்த பெயர் மொரேனோவுடையது. ஆனால் இத்துறையின் வரலாற்றை எழுதிய லின்ரன் ஃபிறீமன், ஹட்சன் ஆய்வின் ஒழுங்குக்கும் கணிப்புகளுக்கும் ஜெனிங்ஸின் பங்கு மிகப் பெரியது என்று காட்டியிருக்கிறார். பதவிப் பட்டியலுக்கு அப்பால் பார்க்கக் கற்பித்த ஆய்விலேயே, அதனைச் செய்தவர்களுள் ஒருவர் நெடுங்காலம் பட்டியலுக்கு வெளியே நின்றார்.

தெரியப்பட்டவளும் தெரியப்படாதவளும்

ஜெனிங்ஸ் ஹட்சனை விட்டுவிடவில்லை. மொரேனோவுடன் சேர்ந்து 1938 இல் எழுதிய கட்டுரையில், சிறுமியர் உண்மையாகச் செய்த தெரிவுகளை, கண்ணை மூடிக்கொண்டு பெயர்களை எடுத்தால் எப்படி அமையும் என்பதுடன் ஒப்பிட்டார். உண்மை வாழ்வில் ஒரு சிலருக்கு மிகப் பல தெரிவுகளும் பலருக்கு மிகச் சிலவும் கிடைத்தன. இருபக்க நட்புகளும் தற்செயலில் வரக்கூடியதைவிட மிகுந்திருந்தன. உறவுகள் எழுந்தமானமாக அமைவதில்லை என்பது எண்களால் நிறுவப்பட்டது.

1943 இல் தலைமைத்துவமும் தனிமையும் பற்றிய தம் நூலை அவர் வெளியிட்டார். பலராலும் தெரியப்பட்ட சிறுமியர் எல்லோரும் ஒரே குணமுடையவர்கள் அல்லர் என்று அவர் கண்டார். அவர்கள் செய்த காரியங்களில்தான் ஒற்றுமை இருந்தது. மற்றவளின் தேவையைத் தம் தேவையாகக் கருதிப் பேசினர். ஒதுங்கி நின்றவளைக் கூட்டத்துக்குள் சேர்த்தனர். தம் கவலைகளை எல்லோர் தலையிலும் கொட்டவில்லை. யாராலும் தெரியப்படாதவளோ உறவை வேண்டாதவளாக இருக்கவில்லை. அவளும் தன் தாளில் பெயர்களை எழுதியிருந்தாள். அவள் நீட்டிய கையை எவரும் பற்றவில்லை என்பதையே வரைபடம் காட்டியது. 1948 இல் ஆசிரியர்களுக்காக அவர் எழுதிய கைந்நூலின் வழியே இம்முறை வகுப்பறைகளுக்குள் சென்றது.

தொழிற்சாலை முதல் கிராமம் வரை

ஹட்சனின் சமகாலத்தில் சிக்காகோ அருகே வெஸ்ரேர்ண் எலெக்ற்றிக் கம்பனியின் ஹோதோர்ண் தொழிற்சாலையிலும் ஒரு சிறு அறை அவதானிக்கப்பட்டது. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை தொலைபேசி இணைப்புக் கருவிகளுக்குக் கம்பி பொருத்திய ஆண்கள் அங்கே இருந்தனர். தற்செயலாக அவர்களும் 14 பேர். கம்பனியின் ஒழுங்குப்படி அவரவர் வேலையை அவரவரே செய்ய வேண்டும். நடந்ததோ வேறு. ஒருவர் வேலையில் மற்றவர் கைகொடுத்தார். யார் யாருக்கு உதவினார், யார் யாருடன் விளையாடினார், யார் யாருடன் முரண்பட்டார் என்று ஆய்வாளர்கள் தனித்தனி வரைபடங்கள் வரைந்தபோது, அறைக்குள் இரண்டு உட்குழுக்கள் வெளிப்பட்டன. ஒரு நாளைக்கு இவ்வளவு வேலைதான் என்ற எழுதாத சட்டமும் அங்கே இருந்தது. மிகையாகச் செய்பவரும் குறையச் செய்பவரும் நண்பர்களின் கண்டனத்துக்கு ஆளாயினர். ஊக்கக் கொடுப்பனவால் முடியாததை நட்பு முடித்துவைத்தது. 1939 இல் வெளிவந்த இவ்வாய்வின் நூல், முகாமைத்துவம் கற்போர் இன்றும் படிக்கும் ஒன்று.

1950களில் மானிடவியலாளர்கள் இதனை ஊர்களுக்குக் கொண்டு சென்றனர். ஜோன் பார்ன்ஸ் நோர்வேயின் பிரெம்னெஸ் என்னும் தீவுப் பகுதியை ஆராய்ந்து 1954 இல் எழுதிய கட்டுரையில் சமூக வலையமைப்பு என்ற சொல்லை ஓர் ஆய்வுச் சொல்லாக நிலைநிறுத்தினார். 1957 இல் எலிசபெத் பொட், இலண்டனின் 20 குடும்பங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். கணவனின் வேலை, மனைவியின் வேலை என்ற பிரிவு எந்த வீட்டில் இறுக்கமாக இருக்கிறது என்பது, அவர்களின் நண்பர்களும் உறவினரும் ஒருவரையொருவர் எவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்கின்றனர் என்பதோடு தொடர்புடையது என்று அவர் கண்டார். வீட்டுக்குள் நடப்பதை வீட்டுக்கு வெளியேயுள்ள கோடுகள் தீர்மானிக்கின்றன. இதில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. எலிசபெத்தின் தாயார் ஹெலன் பொட் ஓர் உளவியலாளர். ரொறன்ரோவின் பாலர் பாடசாலை ஒன்றில் எந்தக் குழந்தை எந்தக் குழந்தையுடன் விளையாடுகிறது என்று பார்த்துக் கட்டங்களில் குறித்து 1928 இலேயே கட்டுரை எழுதியவர். தாயும் மகளுமாக இரு தலைமுறைப் பெண்கள் இத்துறைக்கு அத்திவாரக் கற்களை வைத்திருக்கின்றனர்.

நடுவில் இருப்பவரும் இடையில் இருப்பவரும்

நிறுவனங்களைப் பற்றி இவ்வாய்வு நமக்குச் சொல்வனவற்றுள் மூன்று செய்திகள் முக்கியமானவை.

முதலாவது, தொடர்பின் வடிவம் வேலையின் தன்மையை மாற்றும். 1951 இல் ஹரோல்ட் லெவிற் ஐந்தைந்து பேர் கொண்ட குழுக்களுக்கு ஒரு புதிரைக் கொடுத்தார். ஒரு குழுவில் எல்லோரும் நடுவிலுள்ள ஒருவருக்கு மட்டும் எழுதலாம்; இன்னொன்றில் வட்டமாக இருந்து பக்கத்திலுள்ள இருவருக்கு எழுதலாம். நடுவர் ஒருவருள்ள குழு பிழை குறைவாகச் செய்தது. நடுவில் இருந்தவரே தலைவர் என்றும் எல்லோரும் கருதினர். வட்டக் குழுவில் பிழைகள் அதிகம். ஆனால் அதில் இருந்தவர்களுக்கே வேலை கூடுதலாகப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் ஒரு செயலாளரே தாங்கும் சங்கத்தில் காரியம் விரைவாக நடப்பதும் மற்றவர்கள் மெல்ல விலகிப்போவதும் ஒரே காரணத்தால்தான்.

இரண்டாவது, முக்கியம் என்பது ஒரே வகையானதன்று. முன்னர் குறிப்பிட்ட லின்ரன் ஃபிறீமன் 1979 இல் இதனைத் தெளிவுபடுத்தினார். பலரை நேரே அறிந்தவர் ஒரு வகையில் மையமானவர். எவரையும் சில அடிகளில் எட்டக்கூடியவர் இன்னொரு வகையில் மையமானவர். ஒன்றையொன்று அறியாத இரு கூட்டங்களுக்கு இடையே பாலமாக நிற்பவர் மூன்றாம் வகை. இந்த மூன்றாமவருக்கு நண்பர்கள் அதிகம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் இல்லாது போனால் வலை இரண்டாக அறும். 1990களில் கம்பனிகளை ஆராய்ந்த டேவிட் கிராக்காட், யாரிடம் ஆலோசனை கேட்கிறீர்கள், யாரை நம்புகிறீர்கள், யாருடன் பேசுகிறீர்கள் என்று தனித்தனியே கேட்டால் மூன்று வெவ்வேறு வரைபடங்கள் கிடைக்கும் என்று காட்டினார். வேலை தெரிந்தவரிடம் எல்லோரும் ஆலோசனை கேட்பர். மனம் திறப்பது வேறொருவரிடம்.

மூன்றாவது, தூரத்து அறிமுகங்களின் பலம். மார்க் கிரனோவெற்றர் 1973 இல் எழுதிய கட்டுரைக்காக, பொஸ்ரன் அருகே புதிய வேலை பெற்ற ஆண்களிடம், வேலை பற்றிச் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அறிமுகமானவர் மூலம் வேலை பெற்றோருள், அடிக்கடி சந்திப்பவரிடமிருந்து செய்தி பெற்றவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. இடையிடையே சந்திப்பவரிடமிருந்து 55.6 சதவீதமும், அரிதாகச் சந்திப்பவரிடமிருந்து 27.8 சதவீதமும் பெற்றிருந்தனர். நெருங்கிய தோழிக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதுச் செய்தி வருவது நம் வட்டத்துக்கு வெளியே நிற்பவரிடமிருந்து.

நம் சங்கத்தை இக்கண்ணால் பார்த்தால்

பழைய மாணவியர் சங்கம் என்பது பெரும்பாலும் அத்தகைய தூரத்து உறவுகளால் ஆனது. ஒரு வகுப்பில் இருந்தோர் நெருங்கிய வட்டம். அவர்களுக்குச் சங்கம் தேவையில்லை. இரு வகுப்பு மூத்த அக்கா, விடுதியில் அடுத்த கட்டிலில் படுத்த தங்கை, ஒரே இல்லத்துக்காக ஓடியவள், ஒரே ரீச்சரிடம் வெவ்வேறு ஆண்டுகளில் படித்தவள் ஆகியோரை இணைத்துவைப்பதே சங்கத்தின் வேலை. 1983 இன் பின்னரும் 1995 இன் இடப்பெயர்வின் பின்னரும் நம்மவர் பல நாடுகளுக்குச் சிதறியபோது, அறியாத நகரில் வந்திறங்கிய ஒருத்திக்கு அறையும் வேலையும் பிள்ளைக்குப் பாடசாலையும் கிடைத்தது, கல்லூரியின் பெயரைச் சொன்னதும் கதவைத் திறந்த ஒரு மூத்த மாணவியால் என்பதை நம்மிற் பலர் அறிவோம். கிரனோவெற்றரின் சதவீதங்கள் நமக்கு வாழ்க்கை அனுபவம்.

அந்த ஆண்டுகளில் தாய்ச் சங்கத்துக்கும் வெளிநாடுகளில் இருந்தோருக்கும் இடையே பாலமாக நின்றவர்கள் யார்? விலாசக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள். மரணச் செய்தியையும் மணச் செய்தியையும் கடிதத்தில் எழுதிக் கைமாற்றி அனுப்பியவர்கள். இன்று வட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் ஒரே நொடியில் செய்தி போகிறது. ஆனால் குழுவில் இல்லாதவளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது இன்றும் ஒருத்தியின் வேலையாகவே இருக்கிறது. அவள் எந்தப் பதவியும் வகித்திருக்கமாட்டாள். நூற்றாண்டு வரலாறு பதவிப் பட்டியலை மட்டும் நம்பி எழுதப்படுமானால், அவளுடைய பெயர் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்காது. அவளுக்குப் பின் அவ்வேலையைச் செய்ய எவரையும் நாம் ஆயத்தப்படுத்தியிருக்கவும் மாட்டோம்.

கோடு ஒன்றும் செல்லாத வட்டங்களையும் நாம் மறக்கலாகாது. எட்டாம் வகுப்போடு நின்றவர்கள், இடப்பெயர்வால் இடையில் ஓராண்டு மட்டும் நம்முடன் படித்தவர்கள், பரீட்சையில் தவறியதால் ஒன்றுகூடலுக்கு வரக் கூசியவர்கள் எல்லோரும் நம் மாணவியரே. அழைப்பு அவர்களுக்குப் போய்ச் சேராததை அவர்களுக்கு ஆர்வமில்லை என்று நாம் விளங்கிக்கொள்ளக்கூடாது. ஜெனிங்ஸ் கண்ட சிறுமி தன் தாளில் பெயர்களை எழுதியே இருந்தாள்.

இம்முறைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஹட்சன் சிறுமியர் விடை சொல்ல மறுக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை. அவர்களின் விருப்பு வெறுப்புகள் அவர்களை அடைத்துவைத்திருந்த நிர்வாகத்தின் கையில் இருந்தன. அச்சிட்ட வரைபடத்தில் அவர்கள் இரண்டெழுத்துக் குறியீடுகளாக மட்டுமே எஞ்சினர். இன்றும் ஒரு நிறுவனம் தன் ஊழியரின் உறவுகளை வரைந்து பார்க்கும்போது, அது உதவுவதற்கா, கண்காணிப்பதற்கா என்ற கேள்வி எழவே செய்கிறது. உறவுகளைக் கேட்டு எழுதும்போது சம்மதம் வேண்டும். யாரை வெறுக்கிறாய் என்ற கேள்வி நமக்கு வேண்டியதில்லை.

நாம் கேட்க விரும்புபவை மூன்று கேள்விகள்தான். கல்லூரியை விட்டபின் உங்களைச் சங்கத்தோடு முதலில் இணைத்தவர் யார்? உங்கள் வகுப்பில் எல்லோருடைய இருப்பிடமும் தெரிந்தவர் யார்? நீங்கள் தேடியும் இன்னும் கண்டுபிடிக்க முடியாதவர் யார்? ஒவ்வொரு வகுப்பினரும் ஒவ்வொரு கிளையினரும் இவற்றுக்கான விடைகளை, சம்பந்தப்பட்டோரின் சம்மதத்துடன், எழுதித் தாய்ச் சங்கத்துக்கு அனுப்பினால் போதும். முதல் இரண்டு கேள்விகளின் விடைகள் இம்மலரிலுள்ள பட்டியலுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய இரண்டாவது பட்டியலாகும். மூன்றாவதன் விடை, அடுத்த ஆண்டு நாம் செய்யவேண்டிய வேலை.